நல்லம்மாளின் திட்டு

வேப்பங்குட்டைப் புதூர்,
சேந்தமங்கலம் வழி,
29.11.2020

அன்புள்ள நல்லம்மாளுக்கு,

தண்டாயுதபாணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிடாதே. கல்யாணமான இந்த இருபத்தெட்டு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போர் போடும் ரிக் வண்டியோடு நான் ராய்ப்பூர் பக்கம் கிடந்த காலத்தில், திருச்செங்கோட்டு ஓனர் ஆபீஸ் முகவரிக்கு மாதம் ஒரு கடிதம் போடுவாய். நாலைந்து சேர்ந்து மொத்தமாக என் கைக்கு வரும். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன், பதில் போட்டதில்லை. அத்தனைக்கும் சேர்த்து இதை வைத்துக்கொள்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. பேத்திதான் எடுக்கிறாள். "அப்புச்சி, அம்மாயி குளிச்சுட்டு இருக்குதுங்க" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளியல். பள்ளிபாளையத்தில் காவிரி ஓடுகிறது, நன்றாகக் குளி. குழந்தையை மட்டும் பொய் சொல்லப் பழக்காதே.

மாப்பிள்ளைக்குத் தறி மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டதா? மகள் ரஞ்சனிக்கு இடுப்பு வலி குறைந்ததா? நம் ரிக் வண்டி இன்னும் திருச்செங்கோட்டில் ஷெட்டில்தான் நிற்கிறது. கொரோனா வந்ததிலிருந்து ஆர்டர் இல்லை, தை பிறந்தால் பார்க்கலாம் என்கிறார் ஓனர். எந்தத் தை என்று நானும் கேட்கவில்லை.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. ரிக்கில் எட்டுப் பேருக்குப் பொங்கிய கை இது. ஒருத்தனுக்கு அரிசி எவ்வளவு என்று இன்னும் பிடிபடவில்லை. மிச்சத்தைத் தின்று தெரு நாய் கொழுத்துவிட்டது. பேச ஆளில்லாமல் அதனிடம்தான் பேசுகிறேன், அதுவும் சோறு தீர்ந்ததும் போய்விடுகிறது. வருடத்தில் ஒன்பது மாதம், இத்தனை வருடம், நீ இந்த வீட்டில் இப்படித்தானே இருந்தாய். நாலு மாதமே எனக்குத் தாங்கவில்லை. இதையெல்லாம் நீ கடிதத்தில் எழுதியதே இல்லை. ஆடு குட்டி போட்டது, மழை பெய்தது என்றுதான் எழுதுவாய்.

சரி, எழுத வந்ததை எழுதுகிறேன்.

ஆடி மாதம் நான் செய்ததை ஊரே பார்த்தது. தொழில் படுத்துப்போய், தறி ஓட்டினவர்கள், ஓசூர் கம்பெனிக்குப் போன பிள்ளைகள் எல்லாம் நூறு நாள் வேலைக்கு வந்துவிட்டார்கள். நீயும் குட்டை வெட்டப் போனாய். நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, டிரில்லர் பெண்டாட்டி மண் சுமப்பதா என்று குதித்தேன். குட்டைக்கே வந்து, அத்தனை பேர் முன்னால் நீ மண் சுமந்த இரும்புச் சட்டியை எட்டி உதைத்தேன். ஆயிரத்து இருநூறு அடி போட்டவன் நான், இந்த மூன்றடிப் பள்ளத்தில் தண்ணீர் நிற்குமா என்று சிரித்தேன். நீ அழவில்லை. "தொட்ட எடமெல்லாம் ஓட்டைதானுங்க போட்டீங்க, ஒன்னையாச்சும் மூடி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு நடந்தாய். மறுநாள் காலை பையோடு ரஞ்சனி வீட்டுக்குப் போய்விட்டாய்.

உனக்குப் பதிலாக நான் வேலைக்குப் போனேன் என்பது உன்னோடு குட்டை வெட்டிய சின்னாயி சொல்லித் தெரிந்திருக்கும். ஏன் போனேன் என்று அவளுக்குத் தெரியாது. உன்மேல் இருந்த வீம்பில்தான் போனேன். உனக்கு அளந்து விட்ட குழியையே கேட்டு வாங்கினேன். ஆழம் அளப்பதற்காக நடுவில் வெட்டாமல் விடுவார்களே, அந்த மண் திட்டு நீ விட்டபடியே புல்லோடு இருந்தது.

மூன்றடிக்குக் கீழே போகவேண்டாம் என்று கணக்குப் பிள்ளை அறிவுச்செல்வி படித்துப் படித்துச் சொன்னாள். "ஏம்மணி, மண்ணைப் பத்தி எனக்கே சொல்றயா" என்றேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் கடப்பாரையை எடுத்து மூலையில் இறங்கினேன். ரிக்காரன் புத்தி, கீழே போகப் போகத்தான் தண்ணீர் என்றே பழகிவிட்டது. களிமண் முடிந்து சரளை வந்தது. கடப்பாரைச் சத்தம் மாறியதும் எனக்கு ஒரே சந்தோஷம். மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து பீடி பற்றவைத்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒரே ராத்திரியில் குட்டை நிறைந்துவிட்டது. பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து போட்டார்கள். உன் பெயரைச் சொல்லிச் சின்னாயி ஒரு கை பூ போட்டாள். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சேறுதான் இருக்கிறது. உன் குழியின் மூலையில் தட்டு அகலத்துக்கு ஒரு பொந்து, கடைசித் தண்ணீர் அதில் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தாங்கி நிற்பதே அந்தக் களிமண்தான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

நாற்பது பேர் வெயிலில் வெட்டிய குட்டை. வைதிருந்தால் தேவலை, பொந்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகத் திரும்பிப் போனார்கள். சின்னாயி மட்டும், "இது நல்லம்மா வெட்டுன குழி சாமி" என்றாள். நீ கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையில் உட்கார்ந்து அழுதேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

ஓவர்சீயர் கலையரசனைப் போய்க் கேட்டேன். பொந்தைத் தோண்டிச் சுத்தம் செய்து, நல்ல களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து இறுக்கவேண்டும் என்றார். ஏரிப் பள்ளத்திலிருந்து களிமண் சுமந்தேன். நான் உதைத்து நெளிந்த உன் சட்டியில்தான் சுமந்தேன். விளிம்பு தலையில் குத்துகிறது, நேராக்க மனம் வரவில்லை. வேலை முடிந்து ஆட்கள் போன பிறகு ஒற்றை ஆளாக மிதிப்பேன். மெஷின் அதிரும் சத்தத்திலேயே இருந்தவனுக்கு, சேற்றில் கால் வாங்கும் சத்தம் மட்டும் கேட்பது என்னவோபோல் இருந்தது. பதினோரு நாள் ஆயிற்று. கடைசி நாள் சின்னாயி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் கொஞ்ச நேரம் மிதித்தாள்.

அளவு முடிந்ததும் திட்டுகளை எல்லாம் வெட்டி எடுக்கச் சொன்னார்கள். மற்றதை எல்லாம் எடுத்தோம். உன் திட்டில் மண்வெட்டி வைக்க என்னால் முடியவில்லை. தண்ணீர் அளக்க ஒன்று இருக்கட்டும் என்று ஓவர்சீயரிடம் சொல்லி வாங்கிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உன்னைக் கூட்டிவர பள்ளிபாளையம் வந்தேன். ரஞ்சனி வீட்டுத் தெருமுனை வரை வந்துவிட்டேன். நீ வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, நல்லம்மா. என்னைக் கண்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று பயந்து, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

புயல் மழையில் குட்டை மறுபடி நிறைந்திருக்கிறது. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். முதல் நாள் உன் திட்டின் தலை ஒரு சாண் வெளியே தெரிந்தது. நாலாம் நாள் விடிவதற்கு முன்பே ஓடினேன். அன்றைக்கும் அதே ஒரு சாண்தான். இன்றும் அதுதான். நீ கேட்டாயே, ஒன்றையாவது மூடி வைத்தீர்களா என்று. ஒன்றை மூடியிருக்கிறேன்.

எனக்காக வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. நீ வெட்டிய குட்டையை நீ பார்க்கவேண்டும் என்றிருக்கிறது. வர மனம் இல்லையென்றால் அங்கேயே இரு, சிரித்துக்கொண்டு இரு. நாளை முதல் காலை ஏழு மணிக்குக் கரையில் நின்று போன் செய்வேன். ஒரு நாளாவது குளிக்கப் போகாமல் எடு. நீ பேச வேண்டாம், காதில் வைத்திருந்தால் போதும். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

பேத்திக்கு என் முத்தம். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் மாரியாத்தா துணை நிற்கட்டும்.

உன் கடிதங்களுக்கெல்லாம் பதில் கடன்பட்ட,
தண்டாயுதபாணி