சிரிக்கிற எழுத்தில் உன் பெயர்

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் அண்ணனுக்கு,

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று உன் நினைவு ஜெபத்துக்கு நோட்டீஸ் ஒட்டினோம். உன் எழுத்தில்தான் அச்சடித்தது.

கோட்டாற்று அச்சகத்துக்காக நீ பலாக்கட்டையில் செதுக்கிய அந்தக் குண்டு எழுத்துகளைச் சொல்கிறேன். பழைய பிஸ்கட் டப்பா மூடியில் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு, தமிழுக்கும் தொப்பை வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தாயே. 'அ' விருந்து சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும். 'க' கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கும். சுழிகளெல்லாம் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் நெளியும். சர்க்கஸ், நாடகம், சோப்பு, மூக்குப்பொடி, எது வந்தாலும் தலைப்பு உன்னுடையது. கல்யாணக் கடிதத்துக்குக் கேட்டபோது மட்டும் நீயே மறுத்தாய். "இதுக்குச் சிரிக்க மட்டுந்தான் தெரியும் ஏட்டி, அடக்கமா நிக்கத் தெரியாது" என்றாய்.

உன் நினைவு நோட்டீஸுக்கும் அந்த எழுத்தே வேண்டும் என்று நின்ற அப்பாவிடம் இதை யார் சொல்வது? அச்சக முதலாளி சொல்லிப் பார்த்தார்.

"இது சர்க்கஸ் எழுத்தாக்கும் வே. துக்கத்துக்குச் சேராது. ஒல்லி எழுத்துல அடிச்சுத் தாறேன்."

"எம் பயலுக்க எழுத்து இருக்கும்போ ஊரான் எழுத்து எதுக்கு வே?" என்றார் அப்பா. வாசிக்கத் தெரியாத அப்பா உன் கட்டைகளை மட்டும் தடவியே அடையாளம் சொல்வார். நான் பேசவில்லை. பி.ஏ. படித்த வாய்தான், நாலு பேர் முன்னால் திறக்க வேண்டுமே.

நோட்டீஸ் வந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அந்தக் 'க' கன்னம் உப்பிச் சிரிக்கிறது. கீழே உன் பெயர் துள்ளுகிறது.

சந்தை முக்கில் ஒட்டும்போது அப்பா கொஞ்சம் தள்ளிப் பசை கலக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த ஒருவர் காலூன்றி நின்றார்.

"நாடகம் எங்க வச்சு, மக்களே? கோமாளி உண்டுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்தபடியே போய்விட்டார்.

"அவரு என்னத்துக்கு மக்களே சிரிச்சாரு?"

"எழுத்து அழகா இருக்காம்ப்பா."

"பின்னே? எம் பயலுக்க கையாக்கும்." நன்றாக ஒட்டியிருந்த தாளை அப்பா உள்ளங்கையால் இன்னொரு தடவை அழுத்தினார்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சர்க்கஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதே எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் எது சர்க்கஸ், எது நீ என்று தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை, அண்ணே. அழுகிற எழுத்து ஒன்றுகூடச் செதுக்காமல் போனாயே. எங்களுக்குத் தேவைப்படும் என்று நீ நினைத்தே பார்க்கவில்லை, இல்லையா?

அடுத்த வருஷமும் அப்பா இதே எழுத்தைத்தான் கேட்பார். அடிக்கட்டும். ஒட்டுவதற்கு நான் மட்டும் போவேன். எந்த நாடகம் என்று யாராவது கேட்டால் தலையைக் குனிய மாட்டேன். நாடகம் இல்லை, எங்கள் அண்ணன் செத்துப்போனான் என்று வாய்திறந்து சொல்வேன். அப்பா காதில் மட்டும் விழவிடமாட்டேன்.

இனி யாரும் 'ஏட்டி' என்று கூப்பிடாத,
உன் தங்கை