லேமினேட் செய்த மதிப்பெண் பட்டியல்

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

கல்லூரி முதலாண்டில் சேர நான்கு பாடங்களில் அறுபது சதவீதம் கேட்டார்கள். நம் மகள் எழுபத்தெட்டு வைத்திருக்கிறாள். கூடவே அசல் மதிப்பெண் பட்டியலும் வேண்டும், அதன் பின்புறம்தான் பல்கலைக்கழக முத்திரை குத்துவார்கள். அதைத்தான் பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று நீங்கள் லேமினேட் செய்து வைத்தீர்கள்.

“பிளாஸ்டிக் மேலயா சீல் குத்தச் சொல்றீங்க? எந்த மேதாவி பண்ண வேலைம்மா இது?” என்றார் கல்லூரி குமாஸ்தா.

வேறு பட்டியல் வாங்க அவளோடு தேர்வுத்துறைக்குப் போகிறேன். நாலு மணிக்குள் கிடைக்காவிட்டால் அவளுக்கு இந்த வருடம் போயிற்று.

பீரோ சாவி என்னிடம் இருக்கிறது. மற்ற சான்றிதழ்களாவது காகிதமாகவே இருக்கட்டும்.

பி.கு.: குமாஸ்தா கேட்டபோது அவள்தான் முந்திக்கொண்டு, “நான்தான் சார் பண்ணேன்” என்றாள். அந்தப் பொய்க்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று சாப்பிடும்போது யோசியுங்கள்.