கை வரல, டீச்சர்

அடியே,

இன்று காலை அந்துருண்டை வாசனையோடு வந்து நின்றாய். எங்கள் கம்பெனி கேன்டீனில் ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் கட்டுவதற்கு எங்கிருந்தோ ஒரு சிவப்புத் திரையைக் கொண்டு வந்து உதறினார்கள்; நம் பள்ளித் திரையின் அதே வாசனை. மானேஜர் சூடம் ஏற்றும்போது இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டுமாம். “லைன் லீடர் அக்கா, நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க” என்று கயிற்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். பிடித்த மாத்திரத்தில் நம் பள்ளிக்கூட மேடையின் ஓரத்துக்கே போய்விட்டேன்.

நம்மை அந்த ஓரத்துக்கு அனுப்பியதே தண்டனையாகத்தான். எனக்குக் குரல் எழும்பாது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லாமல் எழுந்து மட்டும் நிற்பேன். உனக்கோ வசனத்துக்கு நடுவில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். நாடக டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, போய்த் திரை இழுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் அழுதேன். நீ, ராஜா வேஷம் கட்டியிருந்த கலாவைக் காட்டி, “இன்னாத்துக்கு அழுவுற? நாம தொறந்தாதான்டி அவ ராஜா. இல்லாங்காட்டி வெறும் கலாதான்” என்றாய்.

முதல் ஒத்திகையிலேயே மானம் போனது. நாடகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நான், காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்து என் பாதியை இழுத்து மூடிவிட்டேன். உன் பாதி திறந்தே கிடந்தது. வெளியே அரை ராஜா, அரை மீசை. அன்றைக்குத்தான் நீ சட்டம் போட்டாய். நாடகத்தைப் பார்க்கக் கூடாது, எதிர்ப் பக்கத்துக் கையைத்தான் பார்க்க வேண்டும். நான் கை தூக்கினால் நீயும் தூக்க வேண்டும், அப்புறம்தான் இழுக்க வேண்டும். “நான் திருப்பித் தூக்காம இழுத்தே, கைய ஒடச்சிடுவேன், ஆமா.” அதனாலேயே அந்த நாடகத்தை நாம் இரண்டு பேரும் கடைசிவரை பார்க்கவில்லை.

ஆண்டு விழா அன்று விருந்தினர் வந்து உட்கார்ந்தாயிற்று. ஸ்பீக்கர் அலறலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நான் கை தூக்கினேன். அட்டைத் தூணுக்கு மேல் உன் தலை மட்டும் தெரிந்தது. கை வரவில்லை. டீச்சர் என் காதருகே வந்து, “தொறடி! எல்லாரும் காத்துகினு இருக்காங்க” என்று கத்தினார். கயிற்றைப் பிடுங்க வந்தார். நான் அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், “கை வரல, டீச்சர்!” என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து உன் கை எழுந்தது. திறந்தோம். கலா ராஜாவானாள். அட்டை நிலாவைக் கட்ட ஏறிய பெண் ஏணியைத் திரைக் கம்பியில் சாய்த்திருந்ததையும், உன் இரண்டு கையும் அந்த ஏணியைத் தாங்கிக்கொண்டிருந்ததையும் பிறகுதான் சொன்னாய். “நீ இழுத்திருந்தா நெலாவோட அவளும் வுழுந்திருப்பா. எனக்குத் தெரியும், நீ இழுக்க மாட்டே.” என்னைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

ஒரகடத்தில் பிரஸ் மெஷின் லைனில் சேர்ந்த புதிதில், மெஷினுக்குப் பின்னால் இருப்பவர் கை காட்டும் முன்பே “ஆன் பண்ணும்மா, டார்கெட் போகுது” என்று சூப்பர்வைசர் விரட்டினார். “கை வரல, சார்” என்றேன். திட்டினார். வந்த பிறகுதான் போட்டேன். போனில் உன்னிடம் சொன்னபோது, “என் கைக்கும் சேத்து ஓவர்டைம் போடச் சொல்லுடி” என்று சிரித்தாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். சாதாரணக் காய்ச்சல்தானே என்று எல்லோரும் இருந்தோம். ஷிப்ட் முடிந்து நான் பென்னலூருக்கு, உன் வீட்டுக்கு, ஓடி வந்தபோது உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள். உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஒரு சைகைகூடக் காட்டாமல் போனாயே.

இன்று எதிர்ப் பக்கம் கயிறு பிடித்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் கை தூக்கினேன். அவள் விழித்தாள். “யக்கா, இழுத்துரட்டா?” மானேஜர் சூடத்தோடு நிற்கிறார். “இரு. மொதல்ல நீயும் கையத் தூக்கு” என்றேன். தூக்கினாள். திரை ஒரே சீராக விலகியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“ஏங்க்கா அழுதீய?” என்று பிறகு கேட்டாள். சூடப் புகை என்றேன்.

எல்லோரும் சொல்கிறார்கள், போனவளை நினைத்தது போதும், மூடிவிட்டு வேலையைப் பார் என்று. எப்படியடி மூடுவேன்? நான் கையைத் தூக்கி எத்தனை நாளாயிற்று. உன் பக்கத்திலிருந்து இன்னும் கை வரவில்லை.