அமாவாசைக்கு அமாவாசை பீட்சா

என் பிரியமான மாமாவுக்கு,

இங்கே நானும் முரளியும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் வந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு அங்கே என்ன குறை இருக்கப்போகிறது? ஏர் ஓட்ட வேண்டாம், டீசல் போட அலைய வேண்டாம், என் வாயும் கிடையாது.

சம்பா அறுத்தாயிற்று. சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். நம் பிள்ளை முரளி ஒரகடத்துக் கம்பெனி வேலையை விடவில்லை. லீவு நாளில் உங்கள் டிராக்டரை எடுக்கிறான். ரிவர்ஸ் எடுக்கும்போது அப்படியே உங்களைப் போல நாக்கைக் கடித்துக்கொள்கிறான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறேன்.

இதைச் சொல்ல நான் எழுதவில்லை மாமா. போன அமாவாசைக்குத் தனியாகக் காஞ்சிபுரம் போய் பீட்சா சாப்பிட்டுவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அது சரியா தப்பா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். முரளி முதல் சம்பளம் வாங்கியதும் நம் இரண்டு பேரையும் காஞ்சிபுரத்தில் அந்த ஏசிக் கடைக்கு அழைத்துப் போனானே, அன்றைக்கு ஆரம்பித்தது. கடைப் பையன் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் நான் எழுந்து நின்றுகொண்டேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடலாம் என்று கை தானாகப் போயிற்று. முரளிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"ம்மா, ஒக்காரு. எல்லாரும் நம்மளையே பாத்துக்கினு கீறாங்கோ."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். நீங்கள் கையில் பீட்சாத் துண்டை வைத்துக்கொண்டு, அதைக் கடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இன்னாங்க என்றேன். ஒண்ணுமில்ல, துன்னு என்றீர்கள். அத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் நான் மெல்லுவதை அன்றைக்குத்தான் பார்த்தீர்களோ என்னவோ. நம் வீட்டில் நான் எப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்? உங்கள் அப்பா, தம்பிகள், அறுப்பு ஆட்கள், அப்புறம் நீங்கள், பிள்ளை. எல்லோரும் கை கழுவிய பிறகு அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு வாய். அதை நான் குறையாக நினைத்ததுமில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே.

அடுத்த அமாவாசை வந்தது. அமாவாசையில் நீங்கள் ஏர் ஓட்ட மாட்டீர்கள். மதியம் பெரியவர்களுக்குப் படையல் போட்டு முடித்ததும், "கெளம்புடி, மூணு மணி பஸ்ஸ புடிக்கலாம்" என்றீர்கள். எங்கே என்றால் சொல்லவில்லை. தெருவில் உங்கள் அக்கா கேட்டதற்கு மட்டும், "தேவகிக்கு சக்கரை மாத்திரை வாங்கணும்" என்று பதில் வந்தது. எனக்கு ஏது சர்க்கரை? திருப்புலிவனம் நிறுத்தம் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தேன்.

அன்றைக்கு அதே ஏசிக் கடையில் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி, இருப்பதிலேயே பெரியதாக இரண்டு வாங்கினீர்களே! அவரவர் இலை அவரவருக்கு, ஒரே தட்டில் இரண்டு பேர் கை வைத்தால் எச்சில் என்று வளர்ந்த நமக்கு வேறு என்ன தெரியும்? அதிலும் அமாவாசை, வெங்காயம் பூண்டு போடாதே என்று வேறு கட்டளை. ஆர்டர் எடுக்க வந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஆளுக்கு இரண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் மாத்திரைக் கதை சந்தி சிரிக்கும். பஸ்ஸில் கண்டக்டரில் ஆரம்பித்து, பின் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா வரைக்கும் நீங்களே பரிமாறிவிட்டீர்கள். நம் ஊர் வருவதற்குள் இரண்டு பெட்டியும் காலி.

அதற்கப்புறம் ஒரே தட்டுதான். எத்தனை கடை பார்த்தோம்! உத்திரமேரூர் பேக்கரியில் வட்ட பன்னின் மேல் சாஸைத் தடவிக் கொடுத்ததற்கு, "பன்னுக்குப் பொட்டு வெச்சா மாரி கீது" என்று அந்தக் கடைக்காரரிடமே சொன்னீர்கள். வாலாஜாபாத் பக்கம் விறகு அடுப்பில் சுடும் கடையில், சாப்பாட்டை விட்டுவிட்டு அடுப்பண்டை போய் நின்று இது வேலிகாத்தான் கட்டையா, மாங்கட்டையா என்று விசாரித்தீர்கள். ஏசிக் கடையில் சட்டைப் பையிலிருந்து மாங்காய் ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்ததும் அந்தப் பையன் ஓடிவந்தான்.

"சார், வெளிச் சாப்பாடு அலோவ் இல்ல சார்."

"இது சாப்பாடு இல்லப்பா. தொட்டுக்க. ஒனக்கும் கொஞ்சம் வேணுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான்தான் தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் மாமா, மனுஷனுக்குப் பீட்சா மேல் இவ்வளவு பைத்தியமா என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஊறுகாய் போட்டாவது சாப்பிட வேண்டும் என்கிற அளவுக்கு.

போன மாசியில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்த மாசியில் தலைத் திவசம் வந்தது. தம்பிக்குப் பிடித்தது என்னவெல்லாம் வைக்கலாம் என்று உங்கள் அக்கா கேட்டார். வடை, பாயசம், கத்தரிக்காய்ப் பொரியல் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் பீட்சா என்றேன். கூடம் கொல்லென்று சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில், "அவருக்குப் புடிச்சது எனக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு முரளியை உத்திரமேரூருக்கு அனுப்பினேன். உங்கள் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வடை தட்டப் போய்விட்டார். உங்கள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் முதலில் பீட்சாவைத்தான் வைத்தேன்.

படையல் முடிந்து எல்லோருக்கும் பரிமாறினேன். கடைசியில் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி நான் அந்த ஆறிப்போன துண்டைக் கடித்தேன். இறங்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து நான் மறுபடியும் அடுப்பண்டைக்கே வந்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுதேன் மாமா. ஆசை தீர அழுதேன்.

முரளி பயந்துவிட்டான். "இன்னாம்மா, பீட்சா ஓணுமா? வாரா வாரம் வாங்கியாறேன். இதுக்கா அழுவற?"

"எனக்கு பீட்சா ஓணாண்டா. நான் போய் ஒக்காரணும்."

"ஒண்டியாவா? அப்பா போயி இப்பத்தான் ஒரு வருசம் ஆயிகீது. நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

நல்ல பிள்ளைதான். என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்கு. அந்தப் பயம் எனக்கும்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்காலியை விட்டுவிட்டால் இனி ஆயுசுக்கும் நான் நின்றுகொண்டேதான் சாப்பிடுவேன் என்று தோன்றிவிட்டது. அமாவாசை வந்தது. உங்களுக்குப் படையல் போட்டேன், முரளிக்குப் போட்டேன், நான் சாப்பிடாமல் மூன்று மணி பஸ் ஏறிவிட்டேன்.

ஏசிக் கடையில் அதே பெண்தான் இருந்தாள். சார் வரலையா என்றாள். இல்லம்மா, போயிட்டாரு என்றேன். புரிந்துகொண்டாள். வேறு எதுவும் கேட்காமல் மூலையில் இருந்த மேஜையைத் துடைத்துக் கொடுத்தாள். இருப்பதிலேயே சின்னது ஒன்று சொன்னேன். வந்ததும், இதில் ஏன் இவ்வளவு குறைவாகக் குடைமிளகாய் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது. இவ்வளவு நாளும் உங்கள் துண்டில் இருந்ததையும் பொறுக்கி எடுத்து என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் நிறுத்தத்திலேயே உங்கள் அக்கா, கையில் பால் செம்போடு.

"எங்கடி போய்ட்டு வர?"

மாத்திரை என்று வாய் வரைக்கும் வந்தது. வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன்.

"காஞ்சிபுரத்துக்கு அண்ணி. பீட்சா துன்ன."

"ஒண்டியா?"

"ஆமா. ஒண்டியாத்தான்."

திட்டப்போகிறார் என்றுதான் நின்றேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போ. போய்க்கினே இரு. தம்பி அதுக்குத்தான் அம்மாம் பாடு பட்டான். அவனுக்கு அந்த எழவு ரொட்டிய கண்டாலே ஆவாதுடி. ஒவ்வொரு அமாவாசையும் ஒன்ன வூட்ல வுட்டுட்டு நேரா என் வூட்டுக்கு வருவான். 'அக்கா, சோறு கீதா? மோர ஊத்திப் போடு, அது வவுத்துல நிக்கல'ம்பான். அமாவாசை ராத்திரி சோறு துன்னக்கூடாதுடான்னாலும் கேக்க மாட்டான். புடிக்காதத ஏண்டா போய்த் துன்றன்னு கேட்டேன். 'வூட்ல அவ நின்னுகினே துன்றா அக்கா. அங்கதான் என் எதுருல ஒக்காந்து துன்றா'ன்னான்."

நிறுத்தத்தில் இருந்த சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"தெவசத்தன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"நீ அம்மாம் ஆசையா வெச்ச. எப்டிடி சொல்றது?"

பாவி மாமா. ஒரு வார்த்தை சொன்னீர்களா? பிடிக்காததை அத்தனை அமாவாசையும் விழுங்கிவிட்டு, இன்னும் ஒண்ணு எடுத்துக்கோ என்று என்னைக் கெஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே. அதைப் போய் முதல் வருடத்து இலையில் முதல் பதார்த்தமாக வைத்தேனே! மேலே இருந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது.

இனி அப்படிச் செய்ய மாட்டேன். அமாவாசைக்கு அமாவாசை உங்கள் இலையில் மோர் சோறுதான் வைப்பேன். நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள். அதன் பிறகு நான் மூன்று மணி பஸ் ஏறுவேன். யார் கேட்டாலும் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போவேன். எனக்கு அது பிடித்திருக்கிறது மாமா. எனக்குத்தான் பிடித்திருக்கிறது.

என்றும் உங்கள் மாமன் மகள்,
தேவகி