நாற்பது பயணத் தாள்கள்

மார்ச் 3, செவ்வாய்

பதினேழாம் எண் லாரிக்கு இன்னும் பாட்டரி வந்தபாடில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். சீருடையோடு போனது தப்பு. தேர்தல் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இரண்டு கட்சியும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நாடாளுமன்ற வாசலில் ஆளைக் கூட்டி உட்கார வைத்திருக்கின்றன. கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்கல்லாம் ஏன் சார் வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்க? ஆறே மாசம், ராணுவம் எடுத்து நடத்தட்டும். ஒவ்வொருத்தனும் வாலைச் சுருட்டிக்கிட்டு இருப்பான்." காத்திருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

பாட்டரி ஒன்று வாங்கத் துப்பில்லாத லாரிப் பிரிவு மேஜரிடம் நாட்டையே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறார்கள். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

மார்ச் 5, வியாழன்

மச்சானும் அதே பாட்டு. சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து, "உங்க ஆளுங்க வந்தாத்தான் மாமா இவனுங்க அடங்குவானுங்க." நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். பள்ளி மூடி மூன்று வாரமாகிறது, அந்தக் கடுப்பு வேறு.

"என்னத்தை நடத்துவாரு? ஆஸ்பத்திரி நடத்தத் தெரியுமா? பரீட்சை வைக்கத் தெரியுமா? வீட்டுல கேஸ் தீந்தா யாருக்குப் போன் போடணும்னே தெரியாது இவருக்கு. நாட்ட நடத்தப் போறாராம், நாட்ட!"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 9, திங்கள்

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

பிரிகேடியர் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பது லாரி, சிப்பாய்களோடு, நகரத்துக்கு. நாடாளுமன்றம், வானொலி நிலையம், இரண்டு பாலம். "பாதுகாப்புக்குத்தான்" என்றார். கேட்காமலே அதை மூன்று தடவை சொன்னார்.

பயணத் தாள் இல்லாமல் எங்கள் லாரி எதுவும் கேட்டைத் தாண்டாது. எங்கே போகிறது, எதற்கு, யார் அனுப்பியது. எல்லாம் அதில் இருக்கும், ஓட்டுகிறவன் சட்டைப்பையில் அது இருக்கும். ஊருக்குள் வேலை என்றால் பாதுகாப்பு அமைச்சகத்து அதிகாரி கையெழுத்து வேண்டும். முகாமுக்குள்ளேயே ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் சிவிலியன் அம்மாள். சிடுமூஞ்சி என்றுதான் எல்லாரும் பேர் வைத்திருக்கிறோம். ஜெனரல் வீட்டுக் கல்யாணத்துக்கு மேசை நாற்காலி ஏற்ற லாரி கேட்டபோதுகூட முடியாது என்று தாளைத் திருப்பி அனுப்பிய புண்ணியவதி.

"அந்தம்மா போட மாட்டாங்களே சார்" என்றேன்.

"அவகிட்ட ஏன் போறே? பயிற்சின்னு போடு. சுடுதளம். அதுக்கு உன் கையெழுத்தே போதும்ல?"

போதும். பயிற்சிக்கு என் கையெழுத்தே போதும்.

கிளம்பும்போது, "பதவி உயர்வு லிஸ்ட்ல உன் பேரு இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. வெயில் என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 11, புதன்

இந்த நாட்டில் இதுவரை இது நடந்ததில்லை. ஏன்? பக்கத்து நாடுகளில் எல்லாம் நடந்திருக்கிறதே. பயிற்சிக் கல்லூரியில் உறுதிமொழி, அரசியல் சாசனம், கட்டுப்பாடு என்று என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள். நாங்கள் நல்லவர்கள், அதனால் நடக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒருவேளை யாரும் யாரையும் கேட்கவே இல்லையோ? கேட்டால் பக்கத்து அறைக்காரன் மாட்டேன் என்பான் என்று ஒவ்வொருவனும் பயந்திருப்பானோ? அப்படியானால் நான்தானே அந்தப் பக்கத்து அறைக்காரன்!

ஆனால் அந்த இரண்டு கட்சிக்காரர்களையும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. திருட்டுப் பயல்கள். பிரிகேடியர் செய்வது சரிதானோ? தெரியவில்லை. ஒரு மண்ணும் தெரியவில்லை.

ஓட்டுநர்களுக்குத் தலைவன் சார்ஜெண்ட். கழுத்து நீளம், அதனால் கொக்கு. பதினெட்டு வருடமாக என்னோடு இருக்கிறான். "வெள்ளிக்கிழமை எங்க சார் போறோம்?" என்றான். "தாள்ல இருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

போட்டுவிட்டேன். நாற்பது தாள், நாற்பது தடவை "சுடுதளம்". கை விட்டுப்போயிற்று.

நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான். அப்படித்தானே? அப்படித்தான்.

விரலில் என்ன இவ்வளவு மை என்று மனைவி கேட்டாள். "உனக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே இருக்கணுமா?" என்று கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டாள். பாவம்.

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஐந்தே முக்காலுக்கு நாற்பது லாரியும் வரிசையில் நின்றன. பிரிகேடியர் ஜீப்பில் முன்னாலேயே போய்ப் பாலத்தில் காத்திருந்தார். கேட்டைத் தாண்டினால் இடப்பக்கம் நகரம், வலப்பக்கம் சுடுதளம். காவல்காரன் தாளை வாங்கினான், படித்தான், கேட்டைத் திறந்தான். முதல் லாரியில் கொக்கு. என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

வலப்பக்கம் திருப்பினான்.

ஒன்றன்பின் ஒன்றாக நாற்பதும் வலப்பக்கம் திரும்பின. கத்த வேண்டும் என்று நினைத்தேன். லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஆறரைக்குச் சுடுதளத்திலிருந்து, சிப்பாய்களோடு கடைசி லாரியில் போன கேப்டன் போன் செய்தான். இறங்கிக் கத்தியிருக்கிறான். கொக்கு தாளை நீட்டியிருக்கிறான்: "ஊருக்குன்னா வேற தாள் குடுங்க சார். இத வச்சுக்கிட்டு அங்க போனா ஓட்டுறவனத்தான் பிடிச்சு உள்ள போடுவாங்க." மற்ற முப்பத்தொன்பது பேரும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றுவிட்டார்களாம். கேப்டன் அழாக்குறை. "சார், புதுத் தாள் எழுதி அனுப்புங்க சார், பெரியவர் என்னைத் தொலைச்சிடுவாரு!"

பயணத் தாள் புத்தகம் என் முன்னால்தான் இருந்தது. பேனாவும் இருந்தது.

"ஊருக்குள்ளன்னா அமைச்சகக் கையெழுத்து வேணும்பா. அந்தம்மா எட்டு மணிக்குத்தான் வருவாங்க" என்றேன்.

இது தைரியமா? இல்லவே இல்லை. தினமும் பத்துப் பேரிடம் சொல்கிற பதில், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பதினோரு மணிக்குத் தலைமைத் தளபதி வானொலியில் பேசினார். எந்தப் படையும் ஊருக்குள் நுழையவில்லை என்றார். பிரிகேடியர் அதுவரை பாலத்தில் ஜீப்போடு தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தாராம்.

மார்ச் 17, செவ்வாய்

கொக்கைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். உத்தரவை மீறினானாம். பிரிகேடியர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். விசாரணை வருவதற்குள் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"லாரி பயிற்சிக்குப் போகல, ஊர்ப் பாதுகாப்புக்குப் போகணும்னு வாயால சொன்னேன், அவன் கேக்கலன்னு எழுதிக் குடு. ஒரு பக்கம் போதும். லிஸ்ட்ல உன் பேரு அப்படியே இருக்கும்."

நாளைக்குள் வேண்டுமாம். எழுதினால் கொக்குக்கு ஐந்து வருடம் உள்ளே. அவனுக்கு இரண்டு பெண்கள், காலேஜில் படிக்கிறார்கள்.

அவனைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து விறைப்பாக நின்றான்.

"உண்மையச் சொல்லுடா. தெரிஞ்சுதான் திருப்புனியா?"

"தாள்ல இருந்த எடத்துக்குப் போனேன் சார்."

"ஊருக்குத்தான்னு முகாம் முழுக்கப் பேசிக்கிட்டாங்களே. உன் காதுல விழலயா?"

"விழுந்துச்சு. ஆனா நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களே சார். உங்க கையெழுத்துல பொய் இருக்கும்னு நான் ஏன் நெனைக்கணும்?"

குத்திக் காட்டினானா, வெள்ளந்தியாகச் சொன்னானா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 18, புதன்

எழுதினேன். ஒரு பக்கம்கூட ஆகவில்லை.

சார்ஜெண்ட் எந்த உத்தரவையும் மீறவில்லை. தாளில் இருந்த இடத்துக்குப் போனான். தாளில் இருந்த இடம் பொய். அந்தப் பொய்யை எழுதியவன் நான். எழுதச் சொன்னவர் பிரிகேடியர்.

மனைவியிடம் முதலில் படித்துக் காட்டினேன். பதவி போகும் என்றேன். "போனா போகட்டும்" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு மை அதுதானா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரு பிரதியைச் சிடுமூஞ்சி அம்மாளிடமே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "ரெண்டாவது பாராவுல தேதி விட்டுட்டீங்க" என்றார். போட்டேன். முத்திரை குத்தினார். பிறகு முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார். எனக்குத்தான் உட்காரத் தோன்றவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பிரிகேடியர் விசாரணைக் காவலில். கொக்கு நேற்று வெளியே வந்து, பதினேழாம் எண்ணுக்குப் பாட்டரி வந்ததா என்று கேட்டானாம்.

எனக்கு இன்று கடிதம் வந்தது. பொய்த் தாள் எழுதிய குற்றத்துக்குப் பணிநீக்கம். சரிதான். எழுதினேனே. மச்சான் போனில், "வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா கர்னல் ஆயிருப்பீங்களே மாமா!" என்று புலம்பினான். ஆயிருப்பேன்தான். வயிறு எரிகிறது. பொய் சொல்வானேன்?

ஜூன் 14, ஞாயிறு

மறுதேர்தல்.

இங்கே சீருடையில் இருப்பவர்களுக்கு ஓட்டுக் கிடையாது. பதினேழு வயதில் சேர்ந்தவன் நான். ஆக, நாற்பத்தாறு வயதில் முதல் ஓட்டு. மனைவியோடு பள்ளிக்கூட வரிசையில் நின்றேன். பழக்கதோஷத்தில் விறைப்பாக நின்றிருக்கிறேன் போல. பின்னால் நின்ற அம்மாள் முதுகில் தட்டி, "கொஞ்சம் நகருங்க, நிழல் வேணும்" என்றார். நகர்ந்தேன்.

உள்ளே போய்ச் சீட்டைப் பிரித்தால் அதே இரண்டு பேர். எந்தப் பயல்களை வீட்டில் தினமும் திட்டுகிறேனோ, அதே பயல்கள். இவனுக்கா? சேச்சே. அவனுக்கா? அதற்கு இவனே மேல். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

மறைப்புக்கு வெளியிலிருந்து தேர்தல் அலுவலர் குரல் கொடுத்தார். சின்னப் பெண், இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

"சார், உள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது."

"ஒரே நிமிஷம்மா" என்றேன். குத்தினேன்.

யாருக்கு என்று வரும் வழியெல்லாம் மனைவி கேட்டாள். சொல்லவில்லை. அவள் யாருக்குப் போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை.