டெசிபோன் வென்ற ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

ரெய்னர்ஸ் லேன் கடைக்காரர் இன்று காலை நான் கேட்காமலேயே இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். துருக்கி அத்திப்பழம் எனக்கு, ஈராக் பேரீச்சம்பழம் உனக்கு. வைத்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் கறுத்து, பேரீச்சம்பழத்தைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார். "இருக்கட்டும், ரெண்டையும் போடுங்கோ" என்றேன். காருக்குள் வந்து பெட்டியைத் திறந்ததும் அந்தப் பிசுபிசுத்த இனிப்பு வாசம் நீ வழக்கமாக இருக்கும் பக்கமாகப் பரவியது. உனக்கு உடனே சொல்ல வேண்டிய செய்தி இருக்கிறது. சுற்றி வளைக்கப் பொறுமையில்லை. நேற்று டெசிபோன் வென்றுவிட்டது.

எழும்பிக் கைதட்டாதே. முழுவதையும் கேள்.

மற்றப் பழைய மாணவர் சங்கங்கள், குடும்பத்தில் மகிழ்ச்சி தருவது கணவனா மனைவியா என்று பட்டிமன்றம் வைக்கின்றன. எங்கள் சங்கம் மட்டும், பண்டைய உலகம் முடியும் காலத்தில் பெரிய தலைநகரம் கொன்ஸ்தாந்திநோபிளா டெசிபோனா என்று வைக்கிறது. இதற்கு நாம் இருவரும்தான் காரணம். தேநீர் மேசையில் நாம் சண்டை பிடித்ததைக் கண்ட தலைவர், "இதை மேடையில ஏறிச் செய்தால் மண்டப வாடகையாவது பயன்படும்" என்றார். நான் கவுன்சிலில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தவன். ரோமப் பேரரசின் புதிய தலைநகரமான கொன்ஸ்தாந்திநோபிள் எனக்கு இயல்பாகவே பிடித்தது. அயலவரின் கடற்காட்சியை மறைத்து வீடு கட்டக்கூடாது என்று சட்டம் போட்ட நகரம் அது. உலக நாகரிகம் அதற்கு மேல் போக முடியாது என்பது என் கருத்து. வெம்பிளியில் மருந்துக்கடை வைத்திருந்த நீயோ, இன்றைய ஈராக்கில் டைகிரிஸ் ஆற்றங்கரையில் இருந்த பாரசீகத் தலைநகரமான டெசிபோனைப் பிடித்துக்கொண்டாய். அங்கே இன்னும் நிற்கும் செங்கல் வளைவைப் பற்றிப் பேசும்போது, நீயே சாந்து குழைத்துக் கொடுத்தவன் போல் இருப்பாய்.

ஒவ்வொரு ஆண்டும் நீ தோற்றாய். உன் பேச்சில் குறையில்லை. தீர்ப்பு, சபை கை தூக்குவதில் இருந்தது. சபையில் பாதிப்பேர் கொன்ஸ்தாந்திநோபிள் இன்று இருக்கும் இஸ்தான்புல் போய் வந்தவர்கள். கப்பலில் சாப்பிட்டிருக்கிறார்கள், பூனையோடு படம் எடுத்திருக்கிறார்கள். பேரரசுகளின் வரலாற்றில் அவர்களுக்கு அது போதுமான ஆதாரம். டெசிபோனுக்கு எந்தப் பயண முகவரும் டிக்கெட் போடுவதில்லை. இதெல்லாம் போதாதென்று, முன்வரிசையில் இருந்து முதல் ஆளாக எனக்குக் கை தூக்குவது உன் மனைவி. "இவர் வென்றால் வீட்டில இருக்கேலாது அண்ணை" என்பது அவரது நிலையான விளக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. வளைவின் உயரம், அகலம், செங்கல் அடுக்கிய விதம் என்று போகும்போதே நடுவர் மணியை அடித்துவிடுவார். நீ கடைசிக்கு வைத்திருந்த கதை ஒரு தடவையும் மேடை ஏறவில்லை. அதை எனக்கு மட்டும் காரில் சொல்வாய். பேரீச்சம்பழத்தைத் தின்று, கொட்டைகளை என் கோப்பை வைக்கும் குழியில் போட்டுக்கொண்டே சொல்வாய்.

பாரசீகப் பேரரசன் ரோமரின் அந்தியோக்கியா நகரத்தைப் பிடித்து எரித்தான். மிஞ்சிய சனத்தைச் சிறைபிடித்து டெசிபோனுக்கு நடத்திப் போனான். அங்கே பக்கத்தில், தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, அதே அந்தியோக்கியாவை இன்னொரு தரம் கட்டி வைத்திருந்தான். பிற்காலத்தவர் சொன்ன கதைப்படி, கதவைத் திறந்து விட்டதும் ஒவ்வொரு குடும்பமும் யாரையும் கேட்காமல் தன் வீட்டுக்குள் போய்விட்டது. செருப்புத் தைக்கும் ஒருவன் மட்டும் திரும்பி வந்து அதிகாரியிடம் சொன்னான்: "வீடு சரி. ஆனால் என் வீட்டு வாசலில் ஒரு மல்பெரி மரம் நின்றது. இங்கே அதைக் காணவில்லை."

"கேட்டான் பார் மச்சான்! கேட்டான் பார்!" என்று என் தோளில் அடிப்பாய். நான் வண்டி ஓட்டுகிறேன் என்பது அந்த நேரத்தில் உனக்கு மறந்துவிடும்.

நான் விடமாட்டேன். "அவங்கள் கேக்காமலே வீட்டைக் கண்டுபிடிச்சவங்கள். நீ?" என்பேன். ரெய்னர்ஸ் லேனுக்குக் குடிவந்த முதல் கிழமை, ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே, அடுத்த தெருவில் யாருடைய கதவிலோ உன் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றாய். உள்ளே இருந்து வந்த குஜராத்தி அம்மாவிடம், பூட்டு மோசமான பூட்டு என்று முறையிட்டாய். அவர் தேநீர் தந்து அனுப்பினார்.

வசந்தத்தில் நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய். இலையுதிர் காலக் கூட்டத்தில் தலைப்பை மாற்றுவோம் என்றார்கள். மாமியாரா மருமகளா என்று ஒருவர் பெரிய புதுமை போல முன்மொழிந்தார். நான் எழும்பி, டெசிபோன் பக்கம் நான் பேசுகிறேன் என்றேன். ஒருவர் கடித்த சமோசாவைத் திரும்பத் தட்டில் வைத்தார். "சரி, இந்த ஒரு முறை. சனத்துக்குப் பிடிக்காட்டி இதோட விடுவம்" என்றார் தலைவர். எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் நகரம் ஒரு தடவையாவது வெல்ல வேண்டும்.

எனக்கு எதிராகக் குட்மேய்ஸில் இருந்து வந்த பல் வைத்தியர் பேசினார். இத்தனை ஆண்டும் பின்வரிசையில் இருந்து என் பேச்சுகளை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "நடுவர் அவர்களே, அயலவனுக்குக் கடல் தெரியவேணும் எண்டு சட்டம் போட்ட நகரம் எங்கட நகரம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் இந்த அண்ணைதான். இப்ப கட்சி மாறி அந்தப் பக்கம் நிக்கிறார். பாராளுமன்றம் போற யோசனையோ தெரியாது." சபை மேசையில் தட்டியது. சொந்த ஆயுதத்தால் அடிபடுவது, மச்சான், உண்மையிலேயே வலிக்கிறது. எவ்வளவு நல்ல வாதங்கள் அவை!

நான் வளைவைத் தொடவில்லை. மரத்தில் தொடங்கினேன். செருப்புத் தைப்பவன் திரும்பி வந்த இடத்தில், நடுவரிசையில் இருந்த ஒரு அம்மா, "கவுன்சிலுக்கு எழுதிப் போட்டவரோ?" என்று கேட்டார். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "ஓம் அக்கா, அதேதான்" என்றேன். பல் வைத்தியர் பாய்ந்து எழும்பினார். "அந்தாளின்ட ஊரை எரிச்சதும் அதே ராசாதானே!"

சிரிப்பு நின்றது. அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் பழைய வரலாறு இல்லை.

"ஓம்" என்றேன். "எரிச்சவனும் அவன்தான். அதை மறைச்சு வாற வெற்றி எனக்கு வேண்டாம். ஆனால் அந்தச் செருப்புத் தைக்கிறவன் நன்றி சொல்லேல்லை. உயிரோட விட்டீங்கள், வீடு தந்தீங்கள், கும்பிடுறன் ஐயா எண்டு சொல்லேல்லை. மரம் எங்கை எண்டு கேட்டான். அதே தலைமுறையில கொன்ஸ்தாந்திநோபிளில சனம் தேரோட்ட மைதானத்தில கூடி நிண்டு முறையிட்டது. அங்கத்தை ராசாவின்ட படையாக்கள் வாசல்களை அடைச்சு அந்தச் சனத்தை வெட்டினாங்கள். மதிலையும் கோபுரத்தையும் நான் இண்டைக்கு அளக்க வரேல்லை. வந்து சேர்ந்தவன் இது குறையுது எண்டு வாய் திறந்து சொல்லி, உயிரோட வீட்டுக்குத் திரும்பிப் போற இடம்தான் தலைநகரம்."

நேரம் முடிந்திருந்தது. நடுவர் மணியில் கை வைத்திருந்தார், அடிக்கவில்லை.

டெசிபோன் என்று நடுவர் கேட்டதும் கைகள் எழுந்தன. எண்ணத் தேவையே இருக்கவில்லை. பூனைப் படக்காரர்கள் கூடத் தூக்கினார்கள். முன்வரிசையில் உன் மனைவி மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். கொன்ஸ்தாந்திநோபிள் என்று நடுவர் கேட்டபோது, வழக்கம் போல முதல் ஆளாக அவர் கை உயர்ந்தது. முடிந்ததும் அவரிடம் போனேன். நான் வாய் திறக்க முன்பே சொன்னார்: "நான் மாத்தித் தூக்கியிருந்தால் இரக்கப்பட்டுக் குடுத்தது எண்டுதான் அவர் நினைப்பார் அண்ணை. இப்ப சரியான வெற்றி." சொல்லிவிட்டுக் கைப்பையில் எதையோ வெகுநேரம் தேடினார்.

பல் வைத்தியரும் வந்தார். அடுத்த ஆண்டு டெசிபோனுக்குத் தான்தான் பேசுவாராம். நான் மரியாதையாக என் பழைய நகரத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமாம். உன் நகரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது, மச்சான். பல்லைப் பிடுங்கும் கை, கவனமாக இருக்க வேண்டும்.

இன்று பழப் பெட்டிகளோடு நேராக உன் வீட்டு வாசலில்தான் காரை நிறுத்தியிருக்கிறேன். தெரு முழுவதும் அதே வீடுகள், உன் வீட்டின் முன்னே வெறும் நடைபாதை. கவுன்சிலுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தேன். வேலைக்காலம் முழுவதும் முறைப்பாடு கேட்டவன், முதல் தடவையாக ஒன்றைச் சொல்கிறேன். இந்த வாசலில் ஒரு மல்பெரி மரம் வேண்டும் என்றேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, பழம் விழுந்து நடைபாதை கறையாகும் என்றார். பிறகு, அந்த இடத்தில் முன்பு மரம் நின்றதா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். "அதுதான் முறைப்பாடு."

காத்திருக்கச் சொல்லிவிட்டு இசை போட்டிருக்கிறார்கள். கோப்பைக் குழியில் நீ போட்ட பழைய பேரீச்சங்கொட்டைகள் இரண்டு கிடக்கின்றன. அவற்றைக் கையில் உருட்டியபடி காத்திருக்கிறேன். தொலைபேசியை வைக்கமாட்டேன்.