ஒன்பது பேர் போதாது

புரூக்ளின்,
திங்கள் காலை

அன்புள்ள டாலியாவுக்கு,

இங்கே நான் நலம், வலது முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கியிருக்கிறது. நீ நலம் என்று உன் ஊர்வலப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அம்மாவின் போனை எடுக்க முடியாத கை அவ்வளவு பெரிய தட்டியைத் தூக்குகிறதே, உடம்பில் தெம்பு இருக்கிறது என்று சந்தோஷம். பெர்லினில் குளிர் தொடங்கியிருக்கும். கழுத்தை மூடிக்கொள். புரட்சிக்கும் சளி பிடிக்கும்.

நம் யூத ஜெபக்கூடச் செய்தி. போரை நிறுத்தச் சொல்லும் நம் அறிக்கை பதினோராவது வரைவுக்கு வந்துவிட்டது. 'உடனே' என்ற சொல்லை வைப்பதா எடுப்பதா என்று நாலு கூட்டம். வைத்த அன்று ரோண்டாவும் அவள் வயதுப் பெரியவர்களும் எழுந்து போனார்கள், எடுத்த அன்று இளசுகள். போகும்போது ரோண்டா, "நீங்க உட்கார்ந்து உலகத்தைத் திருத்துங்க, எனக்கு அடுப்புல சூப் இருக்கு" என்றாள். போர் நிற்கவில்லை. நாங்கள் ஒன்பது பேர் மிஞ்சினோம். எல்லாரையும் எண்ணுவோம் என்று வாசலில் வானவில் கொடி கட்டிய சபை. எண்ணத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை உன் அப்பா போய் ஒரு வருஷம். இறந்தவருக்கான காதிஷ் ஜெபத்தை அவருக்குச் சொல்ல, நம் முறைப்படி பத்துப் பேர் வேண்டும், ஒன்பது பேர் கூடினால் அது வெறும் காபி குடிக்கிற கூட்டம். போன கூட்டத்தில் செயலாளர் நார்மன், மனிதர்களை நேராக எண்ணக்கூடாது என்ற பழக்கப்படி, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல" என்று விரல் நீட்டிக்கொண்டே வந்து "ஒன்பது இல்ல" என்றதோடு நின்றுவிட்டார். விரல் அந்தரத்தில். அப்பாவின் நாற்காலிக்கு நேரே. அப்பா பெயரைச் சொல்லி ரோண்டாவைக் கூப்பிட்டேன், "இர்வினுக்காக எங்க வேணா வரேன், அந்த ரூமுக்குள்ள மட்டும் கூப்பிடாத" என்றாள். பக்கத்துத் தெருப் பழைமைக்காரர்களிடம் ஆள் ஏராளம். ஆனால் பெண் என்று பத்தில் என்னைச் சேர்க்கமாட்டார்கள்.

வசந்தத்தில், அறிக்கைக்கு ஓட்டுப் போடத் திரைவழியே வருகிறேன் என்றாய். அறையில் இல்லாதவர் கணக்கில் இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தது யார் என்று உனக்குத் தெரியும். ஒரே ஓட்டில் ஜெயித்தேன். கை தட்டினார்கள். அன்றிலிருந்து நீ பேசவில்லை.

நேற்று அதை ரத்து செய்யச் சொல்லி நானே எழுந்து நின்றேன். நார்மன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மார்சியா, போன தடவை நீ பேசினது மினிட்ஸ் நோட்டுல இருக்கு, வாசிக்கட்டுமா?" என்றார். வாசித்தார். நன்றாகத்தான் பேசியிருந்தேன். பிறகு இரண்டு மணி நேரம். முகம் ஆளா, குரல் ஆளா, இணைப்பு அறுந்தால் பாதி ஆளா. ஐந்துக்கு நாலு. ஜெயித்தேன், யாரும் கை தட்டவில்லை.

வியாழன் காலை எட்டு மணி, உனக்கு மதியம் இரண்டு. என்னோடு பேச வேண்டாம். அறிக்கையில் 'உடனே' இருக்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னது சரியோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டாவது வரைவுக்குள் முடிவு தெரியலாம். கேமராவைத் திறந்து வை, போதும். ஆமென் சொல்லும் இடங்கள் உனக்கு ஆறு வயதிலேயே தெரியும், அப்பா சொல்லிக்கொடுத்தது.

கடவுள் உன்னைக் காக்கட்டும், நீ நம்பாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப்பை முந்தின நாளே சார்ஜில் போடு. நார்மனின் விரல் ஒன்பதில் நிற்கும்போது நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அறையில் இல்லாதவர்களையும் எண்ணக் கற்றுக்கொண்டிருக்கும்
அம்மா